அக்காவுக்குப் போன பப்பாளிப் பொட்டலம்

கெலெப்பி கட்டிய பொட்டலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாலே போதும், ஃபோவா தீவில் யாரும் சொல்லிவிடுவார்கள், இது அவன் கைதான் என்று. அலுமினியத் தாளின் இரண்டு முனைகளையும் மேலே தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கொஞ்சம் முன்னால் வளைத்துவிடுவான். பன்றிக்குட்டி ஒன்று காதை விடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கும். மற்ற வீடுகளில் கட்டுகிற பொட்டலம் கசங்கிப்போன சட்டை மாதிரி இருக்கும்போது, இவனுடையது மட்டும் கோவிலுக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நிற்கும்.

உள்ளே இருப்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். லூ. சேம்பு இலைகளை உள்ளங்கையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நடுவில் கொழுப்போடு ஆட்டு விலாக்கறி, நறுக்கின வெங்காயம், உப்பு வைத்து, கெட்டியான தேங்காய்ப்பாலை ஊற்றி, இலையை மடித்துத் தாளில் சுற்றி, ஊமு என்கிற மண்ணடுப்புக் குழியில் நெருப்பில் காய்ந்த கல்லின்மேல் இறக்கி, வாழையிலையும் சாக்கும் மண்ணும் போட்டு மூடிவிட்டுக் கோவிலுக்குப் போக வேண்டியது. பிரசங்கம் முடிந்து வந்து மண்ணைத் தள்ளினால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. பிரசங்கம் நீண்டால் கறி இன்னும் நன்றாக வேகும். போதகரின் வளவளப்பால் யாருக்காவது லாபம் உண்டென்றால் அது லூவுக்குத்தான்.

முன்பெல்லாம் வாழையிலையில் கட்டினார்கள். கெலெப்பிக்கு அது பிடிக்காது. இலை கிழியும், பால் ஒழுகும், சாம்பல் உள்ளே போகும். அலுமினியத் தாள் சுருள் கடைக்கு வந்த நாளிலிருந்து அவன் அதற்குத்தான் அடிமை. சுருளை அலமாரியின்மேல் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். அவன் மனைவி லூப்பே பாவம், ஒவ்வொரு ஞாயிறும் மாலையில் கிழியாத தாள்களைப் பொறுக்கி, கழுவி, துணிக்கொடியில் உள்பாவாடைகளுக்கு நடுவில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவாள். காற்றடித்தால் அந்த வீட்டுக் கொடி மட்டும் சலசலக்கும்.

லூப்பேயின் அண்ணன் மோவாலா வேலிக்கு அந்தப்புறம் இருந்து கேட்பான்.

"என்ன மச்சான், உன் பொண்டாட்டி தகரத்துல பாவாடை தச்சுப் போடுறாளா?"

"ஆமா மச்சான். உன் வீட்டுல வாழையிலைதானே கட்டுறாங்க. வெயில் காலத்துல வாடிப்போகும், பாத்து."

இப்படி இரண்டு பேரும் வேலிக்கு வேலி கொத்திக்கொள்வார்கள். வெளியில் சிரிப்பு. உள்ளே ஒருவன் ஆக்குவதைவிட மற்றவன் ஒரு பிடி கூடுதலாக ஆக்க வேண்டும். அந்த ஒரு பிடிதான் கெலெப்பியைக் கெடுத்தது.

வருஷத் தொடக்க ஜெபவாரம் வந்தது. அந்த வாரம் முழுக்கக் கோவிலில் காலையும் மாலையும் ஜெபம். ஜெபத்துக்கு நடுவில் சாப்பாடு. சாப்பாட்டுக்கு நடுவில்தான் ஜெபம் என்று சொல்கிற கெட்டவர்களும் உண்டு. ஒவ்வொரு வீடும் ஒரு வேளை விருந்து போட வேண்டும். யார் எந்த வேளை என்று கோவில் கூடத்தில் பேசி முடிவு செய்வார்கள். கடைசி ஞாயிறு மதியம் கெலெப்பி வீட்டு முறை. அன்றைக்குத்தான் லிஃபூகா தீவிலிருந்து பிரசங்கிமார்களும் பாட்டுக்குழுவும் வருவார்கள். கடலுக்கு நடுவில் போட்ட ரோட்டைத் தாண்டினால் லிஃபூகா. அங்கேதான் கெலெப்பியின் அக்கா பெலெனைசே வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

கூடத்தில் மோவாலா முதலில் எழுந்தான். தன் முறைக்கு இரண்டு பெரிய பன்றி, நான்கு சின்னது என்றான். பெண்கள் "ஓ" என்றார்கள். அந்த "ஓ" கெலெப்பியின் காதில் முள்ளாகக் குத்தியது. அவனும் எழுந்தான்.

"பன்னியெல்லாம் எல்லாரும் அடிக்கிறதுதான். எங்க வீட்டுக்கு வர்றவங்களுக்கு ஆளுக்கு ரெண்டு லூ. ஒண்ணு அங்கேயே உக்காந்து சாப்பிட. இன்னொண்ணு வீட்டுக்குக் கொண்டுபோக. என் கையால கட்டினது."

இப்போது பெண்கள் போட்ட "ஓ" கூரையைத் தூக்கியது. லூப்பே மட்டும் "ஓ" போடவில்லை. தலையைக் குனிந்து விசிறியின் கம்பை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்.

"எங்கேருந்துய்யா கறி? ஃப்ரீசர்ல ஒரு பெட்டிதான் கெடக்கு."

"தலைநகர்ல சித்தப்பா மகன் இருக்கான்ல. இன்னொரு பெட்டி கப்பல்ல ஏத்திவிடறேன்னு சொல்லியிருக்கான்."

"எப்ப சொன்னான்?"

"இனிமே சொல்லுவான்."

அவனும் சொன்னான். பெட்டியையும் ஏற்றினான். ஆனால் வடக்கே புயல் திரும்புகிறது என்று ரேடியோ சொல்ல, கப்பல் துறைமுகத்திலேயே நங்கூரம் போட்டு உட்கார்ந்துவிட்டது. புயல் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வியாழனும் வெள்ளியும் கெலெப்பி கடற்கரைக்குப் போய்க் கண்மேல் கையை வைத்துப் பார்த்தான். கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. கப்பல்தான் இல்லை. கடையில் போய்க் கேட்டால், அவர்களுடைய கறியும் அதே கப்பலில்தான் இருந்தது.

சனிக்கிழமை லூப்பே சொன்னாள்.

"எங்கண்ணன் வீட்டு ஃப்ரீசர் மூடி சாத்த முடியாம கெடக்கு. போய்க் கேளு. இல்ல, நீ கேக்க வேண்டாம், நான் கேக்கறேன்."

"கேட்டேன்னு வச்சுக்க, சாகற வரைக்கும் சொல்லிக்காட்டுவான். என் லூவுக்குள்ள அவன் கறியா?"

"வாய்க்குள்ள போனப்புறம் கறிக்குப் பேரு இருக்கா?"

"உனக்குத் தெரியாது. போ."

அவளுக்குத் தெரிந்தது அவனுக்குத்தான் தெரியவில்லை. அன்றைக்கு வேலியைத் தாண்டிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரை நாள் தலைகுனிவோடு போயிருக்கும்.

ஞாயிறு விடியலில் கெலெப்பி தனியாகச் சமையல் கொட்டகையில் உட்கார்ந்து கட்டினான். இருந்த கறியைச் சின்னச் சின்னதாக வெட்டினான். விருந்தில் பிரித்துச் சாப்பிடுகிற பொட்டலங்களுக்கு வந்தது. பிரசங்கிமார்களும் பெரியவர்களும் கொண்டுபோகிற பொட்டலங்களுக்கும் வந்தது. பாட்டுக்குழுப் பையன்களுக்கு வரவில்லை. பாத்திரத்தின் அடியில் கொழுப்பு ஒட்டின வெறும் தண்ணீர்.

கொட்டகைக்குப் பின்னால் பப்பாளி மரம் நிறையக் காயோடு நின்றது. கெலெப்பி அதைப் பார்த்தான். மரமும் அவனைப் பார்த்தது.

காயைப் பறித்து, தோல் சீவி, கறித்துண்டு அளவுக்கே வெட்டினான். சேம்பு இலை, வெங்காயம், தேங்காய்ப்பால் எல்லாம் வழக்கம்போல. நடுவில் மட்டும் பப்பாளிக்காய். கையில் தூக்கிப் பார்த்தான். கனம் சரியாக இருந்தது. வாழையிலையில் கட்டியிருந்தால் கொழுப்புக் கசியாததை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். தாளுக்கு வெளியே எதுவும் தெரியாது. அவன் இத்தனை வருஷமாகப் புகழ்ந்த குணம் அதுதானே.

பையன்களிடம் பிறகு சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். "டேய், பாட்டுல சுருதி விட்டீங்கல்ல, அதுக்குத்தான் பப்பாளி" என்று சொன்னால் அவர்களும் சிரிப்பார்கள். நல்லதோடு கலந்துவிடக் கூடாது என்று அந்தப் பொட்டலங்களை வேறு மாதிரி கட்டப் பார்த்தான். காது வைக்காமல் மடிக்கலாம் என்று தாளைத் தட்டையாக அழுத்தினான். விரல் தானாக முனையைத் தூக்கி முறுக்கியது. பிரித்து மறுபடி அழுத்தினான். மறுபடி பன்றிக்காது. சனியன் போகட்டும் என்று விட்டுவிட்டு, வெந்து வெளியே எடுத்ததும் தென்னங்கீற்றுக் கூடை ஒன்றில் அவற்றைத் தனியாக எடுத்து வைத்து, அகலமான சீமைப்பலா இலையால் மூடி, பந்தலுக்குப் பின்னால் நிழலில் வைத்தான்.

விருந்து பிரமாதம். பன்றி, கருணைக்கிழங்கு, தேங்காய்ப்பாலில் ஊறின பச்சை மீன், தர்பூசணிச் சாறு. எல்லாவற்றுக்கும் நடுவில் கெலெப்பியின் பொட்டலங்கள் வரிசையாகக் காதை நிமிர்த்திக்கொண்டு. வயதான பிரசங்கி ஒருவர் சாப்பிட்டு முடித்து எழுந்து பேசினார். இந்த வீட்டு அடுப்பைப் பார்த்தால் வேதத்தில் வருகிற வானத்து அப்பம் நினைவுக்கு வருகிறது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். பெண்களும் துடைத்தார்கள். கெலெப்பி ஊர் வழக்கப்படி மரியாதைக்காக இடுப்பில் சுற்றியிருந்த பாயை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தான். பெருமையாக இருந்தது. மோவாலா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வாயில் இருந்ததை மெல்லாமல் வைத்திருந்தான். அது இன்னும் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் ஃபூசி வந்தாள்.

ஃபூசி பெலெனைசேயின் மகள். இருபது வயது தாண்டினவள், வாட்டசாட்டமான ஆள், சிரித்தால் பக்கத்துக் கோழி பறக்கும். தாய்மாமன் வீட்டில் அக்கா மகளுக்கு எதுவும் சொந்தம். கேட்க வேண்டியதில்லை, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மாமன் வாயைத் திறந்தால் ஊர் அவனைத்தான் காறித் துப்பும். ஃபூசி அந்த உரிமையில் ஒரு துளியும் வீணாக்கியவளில்லை. போன வருஷம் மின்விசிறியைக் கொண்டுபோனாள். அதற்கு முந்தின வருஷம் சினையாக இருந்த பன்றியை, "மாமா, இது என்னையே பாக்குது" என்று சொல்லி ஓட்டிக்கொண்டு போனாள்.

"மாமா! அம்மா வரலை. பாட்டிக்குக் காலு வீங்கியிருக்கு, பக்கத்துலயே இருக்கணும். அவங்க பங்கை நான் கொண்டுபோறேன்."

அந்த நிமிஷம்தான் கெலெப்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவின் பங்கு.

அவன் பிரசங்கிமாருக்கு எடுத்து வைத்திருந்தான். பெரியவர்களுக்கு எடுத்து வைத்திருந்தான். மோவாலா பார்க்கும்படி போதகருக்கு மூன்றாக எடுத்து வைத்திருந்தான். முதலில் எடுத்து வைக்க வேண்டிய ஆளை, எந்த வீட்டிலும் எந்தத் தம்பியும் மறக்காத ஆளை, அவன் நினைக்கவே இல்லை. அக்கா இருக்கிற அறையில் காலை நீட்டி உட்காராதவன் அவன். அவள் பெயரை ஒரு நாளும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதவன். வாய்ச்சவடாலில் அவளைச் சுத்தமாக மறந்துபோனான்.

"இரு ஃபூசி, இரு. நான் எடுத்துத் தர்றேன்."

"எதுக்கு மாமா? அதோ தனியா மூடி வச்சிருக்கீங்களே. அம்மாவுக்குன்னுதானே?"

பந்தலுக்குப் பின்னால் போய்க் கூடையைத் தூக்கியே விட்டாள். தனியாக, மூடி, நிழலில் வைத்த கூடை என்றால் அது வேறு யாருக்கு இருக்கும்? அவள் நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை. பக்கத்தில் இருந்த கிழவிகளும் ஒத்து ஊதினார்கள்.

"பின்னே? பெலெனைசேக்குத்தான். நல்ல தம்பி."

"அது வந்து... ஃபூசி... அந்தக் கூடை..."

"ஏன் மாமா, குடுக்க மனசு வரலையா?" என்று கேட்டு ஃபூசி சிரித்தாள். ஒரு கோழி பறந்தது. எல்லாரும் சிரித்தார்கள். மோவாலா மட்டும் சிரிக்காமல் கெலெப்பியின் முகத்தைப் பார்த்தான்.

வேண்டாம் என்றால் அக்கா மகளுக்கு மறுத்தவன் ஆவான். மாற்றித் தருகிறேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் வானத்து அப்பம் என்று அழுத பிரசங்கி உட்பட அத்தனை பேரும் தங்கள் கையில் இருக்கிற பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். கெலெப்பி கடைசியில் சொன்னான்.

"பத்திரமா கொண்டுபோ. பால் ஒழுகாம."

ஃபூசி கூடையோடு பாட்டுக்குழு வந்த லாரியில் ஏறினாள். பாட்டுக்குழுவுக்கு மிஞ்சியிருந்த பன்றியைக் கொடுத்து அனுப்பினார்கள். அவர்களுக்கு ஒன்றும் குறையில்லை.

எல்லாரும் போனபிறகு கெலெப்பி சைக்கிளை எடுத்தான். ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போகிறவனைப் பார்த்தால் எங்கள் ஊரில் யார் செத்தது என்று கேட்பார்கள். இரண்டு பேர் கேட்கவும் கேட்டார்கள். கடல் ரோட்டின் பாதி வரை போனான். அங்கேயே இறங்கி நின்றான். போய் என்ன சொல்வது? அக்காவோடு நேருக்கு நேர் நின்று அவன் பேசியே வருஷங்கள் ஆகிவிட்டன. அதுவும் மரியாதைதான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் லூப்பே போய்ச் சொல்வாள், இல்லை ஃபூசி வந்து சொல்வாள். இந்த விஷயத்தை யாரிடம் சொல்லி அனுப்புவது? இந்நேரம் அக்கா புருஷன் செமிசியின் ஆட்கள் எல்லாரும் பாயில் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். செமிசியின் அம்மா, கால் வீங்கினவள், நாக்குக்கு மட்டும் எந்த வீக்கமும் இல்லாதவள், நடுவில் உட்கார்ந்திருப்பாள். "உன் தம்பி அனுப்பினதைப் பிரி, பாக்கலாம்" என்பாள். அக்கா பிரிப்பாள்.

இரண்டு பக்கமும் தண்ணீர். கெலெப்பிக்கு அதில் குதிக்கலாம் போல இருந்தது. அந்த இடத்தில் கடல் முழங்கால் அளவுதான். சைக்கிளைத் திருப்பினான்.

மூன்று நாள் அவன் வேலிப்பக்கமே போகவில்லை. லூப்பே ஏதோ கேட்டாள், தலைவலி என்றான். கொடியில் தொங்கின தாள்கள் சலசலத்தால் யாரோ பேசுவது போல இருந்தது. எழுந்து போய் எல்லாவற்றையும் எடுத்து மடித்து வைத்தான்.

புதன்கிழமை செமிசி வந்தான். கொட்டகை வாசலில் அவன் நிழல் விழுந்ததும் கெலெப்பி எழுந்து நின்றுவிட்டான். திட்டத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தான். திட்டட்டும், அடித்தாலும் சரி, முடிந்துபோகும்.

செமிசி அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"என்ன அத்தான்?"

"மறைக்காத. பெலெனைசே எல்லாம் சொல்லிட்டா. கூடையப் பிரிச்சோம். எங்கம்மாதான் மொதல்ல பிரிச்சது. பாத்தா பப்பாளி. அடுத்ததும் பப்பாளி. எங்கம்மா சும்மா இருக்குமா? 'இதென்னடி, உன் தம்பி நம்மளைப் பன்னின்னு நெனச்சானா'ன்னு ஆரம்பிச்சிருச்சு. உங்கக்கா அப்படியே நிதானமா சொல்றா, 'நான்தான் சொல்லி அனுப்பினேன். எனக்கு சர்க்கரை. கொழுப்புக்கறி ஆகாதுன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொன்னா பயப்படுவீங்கன்னு தம்பிக்கு மட்டும் சொன்னேன்'னு. சொல்லிட்டு ஒரு பொட்டலத்தை முழுசா எங்க முன்னாலயே சாப்பிட்டா. எனக்கே தெரியாது பாரு மச்சான், அவளுக்கு சர்க்கரைன்னு. நீ அத்தனை பேருக்குக் கறி கட்டற அவசரத்துலயும் அக்காவுக்குன்னு தனியா கட்டியிருக்க."

கெலெப்பிக்குப் பழைய ஞாபகம் வந்தது. சின்ன வயதில், பெரிய புயல் அடித்து எல்லா மரமும் சாய்ந்து, பப்பாளி மட்டும் சீக்கிரம் முளைத்துக் காய்த்த வருஷம், அம்மா மாதக்கணக்கில் பப்பாளிக்காயை மட்டுமே அவித்துப் போட்டாள். பெலெனைசே ஒரு வாய் வைப்பாள், வெளியே ஓடி வாந்தி எடுப்பாள். அதற்குப் பிறகு பப்பாளி வாசம் அடித்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு வழியாகச் சுற்றிப் போவாள். செமிசிக்கு அது தெரியாது. தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பது அக்காவும் அவனும்தான்.

"இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவளுக்கு நீயே கட்டி அனுப்பிடு மச்சான். எங்கம்மா சொல்லிருச்சு. வேற எதையும் அவ வாயில வைக்க விடறதில்ல. கறி வாசனைகூடப் படாம அந்தப் பக்கமா உக்கார வச்சிருக்கு."

"ஒவ்வொரு ஞாயிறும்," என்றான் கெலெப்பி.

"உன் கையால. அந்தக் காதோட."

அவன் போனதும் வேலிக்கு அந்தப்புறம் மோவாலாவின் தலை தெரிந்தது.

"மச்சான், உன் பப்பாளி மரம் பாதி மொட்டையா நிக்குதே. வௌவால் தின்னுருச்சா?"

"ஆமா."

"பெரிய வௌவாலாதான் இருக்கணும். சீவித் தின்னுருக்கு. தோலெல்லாம் இங்க கெடக்கு."

கெலெப்பி குனிந்து விறகை அடுக்க ஆரம்பித்தான்.  மோவாலா பதிலுக்கு ஒரு கொத்தல் வரும் என்று எதிர்பார்த்திருந்தான். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல, லூசுப்பயலே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சொல்லிக்காட்டியிருந்தால் கெலெப்பிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிறு வந்தது. கெலெப்பி பப்பாளி கட்டினான். அடுத்த ஞாயிறும் கட்டினான். விஷயம் லிஃபூகா முழுக்கப் பரவி, கடல் ரோட்டைத் தாண்டி ஃபோவாவுக்கும் வந்தது. மாதர் சங்கக் கூட்டத்தில் சுகாதார நர்ஸ் எழுந்து, "உடம்பைப் பாத்துக்கச் சொன்னா யாரும் கேக்கறதில்ல. கெலெப்பியப் பாருங்க, அக்காவுக்குன்னு தனியா கட்டறார்" என்று சொன்னாளாம். பெலெனைசேயின் சர்க்கரையை எந்த நர்ஸ் பார்த்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அந்த நர்ஸும், வேறு நர்ஸ் பார்த்திருப்பாள் என்று நினைத்திருப்பாள். கோவிலில் கிழவிகள் அவன் கன்னத்தைத் தடவினார்கள். வயதான பிரசங்கி திரும்ப வந்தபோது தம்பி என்றால் இவன் என்று பிரசங்கத்திலேயே சொன்னார். கெலெப்பி பெஞ்சில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான். முன்பெல்லாம் ஒரு "ஓ"வுக்காக நாக்கைத் தொங்கப்போட்டவன், இப்போது யாராவது புகழ வாயைத் திறந்தாலே பின்பக்கம் வழியாக வெளியே போய்விடுவான்.

ஈஸ்டர் விருந்து செமிசி வீட்டில் நடந்தது. கெலெப்பியும் போனான். ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவனுக்கு வாசல் வழியாகப் பெண்கள் பக்கம் தெரிந்தது. எல்லார் முன்னாலும் கறி. பெலெனைசே முன்னால் மட்டும் அவன் அனுப்பின பொட்டலம். அவள் மெதுவாகப் பிரித்தாள். ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தாள். முழுங்குவதற்கு முன்னால் கண்ணை ஒரு தடவை இறுக்கி மூடினாள். சின்ன வயதில் வெளியே ஓடுவதற்கு முன்னால் மூடுவாளே, அதே மாதிரி. ஓடவில்லை. முழுங்கிவிட்டு, மாமியாரைப் பார்த்துச் சிரித்தாள். கெலெப்பி தன் முன்னால் இருந்த கறியைப் பக்கத்தில் இருந்தவனிடம் தள்ளிவிட்டான்.

அடுத்த ஞாயிறு அவன் ஒரு காரியம் செய்தான். பப்பாளித் துண்டுகளுக்கு அடியில், இலையின் கடைசி மடிப்புக்குள், நல்ல கொழுப்பான விலாக்கறித் துண்டு ஒன்றை ஒளித்து வைத்தான். முன்பு கறி என்று சொல்லிப் பப்பாளியைக் கட்டின கை, இப்போது பப்பாளி என்று சொல்லிக் கறியைக் கட்டியது. 

திங்கட்கிழமை ஃபூசி வந்தாள். வந்ததும் வராததுமாகக் கொட்டகையில் மாட்டியிருந்த அவன் புதுத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு பையிலிருந்து ஒரு சின்னச் சதுரத்தை எடுத்து நீட்டினாள். கழுவி, துடைத்து, நகத்தால் நீவி நீவிச் சுருக்கமே இல்லாமல் மடித்த அலுமினியத் தாள்.

"அம்மா குடுக்கச் சொன்னாங்க. உங்க கையிலதான் குடுக்கணுமாம். நான் பிரிச்சுப் பாக்கக் கூடாதாம்."

"பாத்தியா?"

"பின்னே?" என்றாள் ஃபூசி.

கெலெப்பி பிரித்தான். உள்ளே ஒரு விலா எலும்பு. சின்னது. அதில் சதை இல்லை, சவ்வு இல்லை, ஒரு நூல்கூட இல்லை. முனையைக் கடித்து உள்ளே இருந்ததும் உறிஞ்சப்பட்டிருந்தது. நாய்க்குப் போட்டாலும் இவ்வளவு சுத்தமாக வராது.

அதுவரை அவனுக்குள் ஒரு மூலையில் அற்பமான நப்பாசை ஒன்று இருந்தது. ஒருவேளை அக்காவுக்கு நிஜமாகவே சர்க்கரை இருக்கலாம், ஒருவேளை வயதாகிப் பப்பாளி பிடித்துப்போயிருக்கலாம் என்று. அந்த எலும்பைப் பார்த்ததும் அது செத்துப்போனது. மாமியார் கண்ணுக்குத் தெரியாமல், தன் வீட்டிலேயே திருடி மாதிரி, எந்த மறைவில் உட்கார்ந்து இதைக் கடித்தாளோ.

"ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டான். 

ஃபூசி தொப்பியைச் சரி செய்துகொண்டாள். முதல் தடவையாகச் சிரிக்காமல் பேசினாள்.

"பாட்டி பக்கத்துலயே உக்காந்திருந்துச்சாம். பல்லுல எலும்பு தட்டின சத்தம் கேட்டுருச்சோன்னு அம்மாவுக்கு உசுரே போயிருச்சாம். 'என் தம்பிகிட்ட சொல்லு'ன்னாங்க, 'அடுத்த வாரம் எலும்பில்லாம கட்டச் சொல்லு'."

அடுத்த ஞாயிறு கெலெப்பி தன் பங்குக் கறியை எடுத்துக் கத்தி முனையால் எலும்பைத் தனியாக நோண்டி எடுத்தான். விரலால் ஒவ்வொரு துண்டாக அழுத்திப் பார்த்தான். அக்கா பொட்டலத்தில் பப்பாளிக்கு அடியில் அதை வைத்துக் கட்டினான். தனக்கென்று கட்டினதில் வெறும் பப்பாளி.

மதியம் பாயில் எல்லாரும் பிரித்தபோது லூப்பே அவன் பொட்டலத்தை எட்டிப் பார்த்தாள்.

"இதென்னய்யா? உனக்கு எப்ப வந்துச்சு சர்க்கரை?"

"அக்காவுக்கு வந்த அன்னைக்கு," என்று சொல்லிவிட்டு, நிமிராமல் சாப்பிட்டான்.